முதுகுப்பையும் அடையாள அட்டையும்: கல்முனையிலிருந்து ஒரு மலைப் பயணத் திட்டம்

கிழக்குக் கரையோர இளைஞர்களிடம் கடந்த சில வருடங்களாக மலையேற்ற ஆசை பரவி வருகிறது. எங்கள் காலத்தில் மலைநாட்டுச் சுற்றுலா என்றால் வான் ஒன்றைப் பிடித்து, சட்டி பானையையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய், ஏரிக்கரையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அன்றிரவே திரும்பிவிடுவது. இன்றைய பிள்ளைகள் நடந்து போக வேண்டும் என்கிறார்கள். முதுகில் பையைக் கட்டி, கணவாய் கடந்து, இரண்டு மூன்று இரவுகள் மலையிலேயே தங்க வேண்டும் என்கிறார்கள். இதில் தப்பொன்றும் இல்லை. கடலைத் தவிர வேறு திசை பார்க்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை மேற்கே திரும்பிப் பார்ப்பது நல்ல விடயம்தான்.

அப்படியொரு திட்டம் என் கைக்கும் வந்தது. என் தங்கையின் மகனும் அவனது மூன்று கூட்டாளிகளும் போட்ட திட்டம். ஒருவன் கல்முனைக்குடி, ஒருவன் சாய்ந்தமருது, ஒருவன் மருதமுனை, நான்காமவன் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை. எல்லோருக்கும் 22, 23 வயது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் கோர்பெட் கணவாய் வழியாக மீமுரே கிராமத்துக்கு நடந்து போவது, மூன்று இரவு தங்குவது, நாலாம் நாள் ஊர் திரும்புவது. நான் 2016இல் அந்தப் பக்கம் போய் வந்தவன் என்பதால் சரி பார்த்துத் தரச் சொன்னார்கள். உயரமும் மழையும் தூரமும் பற்றிய கேள்விகளை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டோம். மீதிக் கேள்விகளுக்கு இரண்டு கிழமையாகியும் முடிவில்லை. அந்த மீதிக் கேள்விகள்தான் இக்கட்டுரை.

இலகுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்களத்தில் தும்பர என்று அழைக்கப்படும் இந்த மலைத்தொடரின் அதியுயர்ந்த சிகரம் கொம்பனிய, 1,906 மீற்றர். கோர்பெட் கணவாய் அவ்வளவு உயரமில்லை என்றாலும் ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. கண்டி - மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, டீன்ஸ்டன், லூலுவத்தை வழியாகக் கணவாயை அடைந்து மறுபக்கம் இறங்கினால் மீமுரே. மொத்தம் முப்பது கிலோமீற்றருக்கு மேல். வாகனம் போகும் பாதைதான், ஆனால் மணலில் நடந்து பழகிய கால்களுக்கு ஏற்றம் என்பது வேறு. எங்கள் பக்கத்தில் பயிற்சிக்கு ஒரு மேடுகூடக் கிடையாது. பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு கடற்கரை மணலில் ஒரு மாதம் நடங்கள் என்றேன். வீதியை விட்டு வனத்துக்குள் இறங்கும் பாதைகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பதையும் தீ மூட்டுவதையும் மறந்துவிட வேண்டும். அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் போதும்.

காலம் கொஞ்சம் சிக்கலானது. இரு பருவக்காற்றுகளிடமிருந்தும் மழை வாங்கும் மலை இது. பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் ஓரளவு நம்பலாம். இந்த வருடம் அந்த இடைவெளியில் நோன்பு வந்துவிட்டது. பெருநாள் மார்ச் 20 அளவில். ஆகவே பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நடுவே மூன்று கிழமைதான் மிச்சம். அந்த நாட்களில் பிற்பகலில் இடி மின்னல் இறங்கும் என்பதால் கணவாயைப் பகல் பன்னிரண்டுக்கு முன் கடந்துவிட வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின. அப்படி ஊறிப் பிளந்த மண் சில மாதங்களில் இறுகிவிடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் எச்சரிக்கையும், 100 தாண்டினால் இரண்டாவதும், 150 தாண்டினால் வெளியேறும்படி மூன்றாவதும் விடுக்கிறது. முதல் எச்சரிக்கையிலேயே திரும்பி வந்துவிடுங்கள் என்பது என் நிபந்தனை. மலையில்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 26ஆம் திகதி மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது காரைதீவு - அம்பாறை வீதியில், மாவடிப்பள்ளியில். மலைக்குப் போகும் எங்கள் பாதை தொடங்குவதே அந்த இடத்தில்தான். கடலுக்கும் அந்த இடத்துக்கும் சில கிலோமீற்றர்தான்.

இவ்வளவும் எந்த நாட்டு இளைஞனும் போடுகின்ற கணக்கு. இனி வருவது எங்கள் நாட்டுக் கணக்கு.

கல்முனையிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் காரைதீவுச் சந்தி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, அம்பாறை, உகணை, அரந்தலாவை, மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை, ஹசலக்க, பிறகு பதினெட்டு வளைவு, உடதும்பர, ஹுன்னஸ்கிரிய. (வீதியை அகலப்படுத்தியதில் வளைவு பதினேழாகிவிட்டது என்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.) வரைபடத்தில் இவை வெறும் ஊர்ப் பெயர்கள். எனக்கு அப்படி வாசிக்க முடியவில்லை.

சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனை. 1990 ஆகஸ்ட் 12ஆம் திகதி பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்ட ஊர். முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் அதில் பங்கிருந்தது என்பதை அவ்வூரார் இன்றுவரை சொல்கிறார்கள். நாங்கள் அதைக் காதில் வாங்காததுபோல் கடந்து போகிறோம். அரந்தலாவையில் 1987 ஜூன் 2ஆம் திகதி பஸ்ஸில் போன 30க்கும் மேற்பட்ட பௌத்த பிக்குகளும் உடனிருந்தவர்களும் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26 இரவு பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்த கொத்து விற்கப்பட்டது என்ற வதந்திதான் காரணம். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்த 'மாத்திரை' வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. மலைக்கு அடிவாரத்தில் இருக்கும் ஹசலக்கவில் 2019 மே மாதம் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் உடுத்திருந்த உடுப்பில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரப் படம். அது தர்மச்சக்கரமாக வாசிக்கப்பட்டது. சிவில் மற்றும் அரசியல் உரிமைகளைப் பாதுகாக்க என்று கொண்டுவந்த சட்டத்தின் கீழேயே அவர் இரண்டு கிழமைக்கு மேல் அடைபட்டிருந்தார். ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி அதே வீதியில் இன்னும் போனால் தெல்தெனியவும் திகனவும். 2018 மார்ச் முதல் வாரத்தில் அங்கே எரிந்தவை பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலம் பிரகடனமானது.

காத்தான்குடியையும் ஏறாவூரையும் ஏன் விட்டீர்கள் என்று யாரும் கேட்கலாம். பஸ் போகும் பாதையில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். முழுப் பட்டியல் போடத் தொடங்கினால் பயணம் புறப்படாது.

இதே பாதைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1602இல் மட்டக்களப்பில் கரையிறங்கிய ஒல்லாந்துத் தளபதி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், விமலதர்மசூரிய மன்னனைப் பார்க்க இந்தப் பக்கமாகத்தான், பிந்தென்ன என்று அப்போது சொன்ன மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறினான். போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் தம் பகுதிகளிலிருந்து துரத்தியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதாக வரலாறு. அதன் பிறகு எங்கள் மூதாதையர் தவளம் கட்டினார்கள். பொதி மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி மலைக்குப் போய்ப் பாக்கும் பிற மலைச் சரக்கும் கொண்டு வந்தார்கள். பொதி சுமந்து கணவாய் ஏறுவது எங்களுக்குப் புதுத் தொழிலல்ல. அப்போது மாட்டின் முதுகில் என்ன இருக்கிறது என்று மலைக்காரன் ஆவலோடு பார்த்தான். இப்போது பிள்ளையின் முதுகில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பார்வை வேறு.

2019 ஏப்ரல் 21இல் முதுகுப்பையோடு தேவாலயத்துக்குள் நுழைந்த ஒருவனின் காட்சியை இந்த நாடு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்துச் சிறுவர்கள் உட்பட 15 பேரின் சடலங்கள் எடுக்கப்பட்டன. அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது ஊர் மக்கள்தான். அது செய்தியில் ஒரு வரியாக வந்து போய்விட்டது. ஊரின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. என் மருமகனின் கூட்டாளி ஒருவனின் அடையாள அட்டையில் அந்த ஊர்ப் பெயர்தான் இருக்கிறது. அப்போது அவன் பள்ளிக்கூடப் பிள்ளை.

ஆகவே பையில் என்ன வைப்பது என்பதே எங்கள் பெரிய விவாதமானது.

கூடாரம். அடிக்க அனுமதி கிடைக்கும் இடத்தில் அடிக்கலாம். ஆனால் முஸ்லிம் இளைஞர்கள் மலைக்காட்டில் கூடாரம் அடித்திருக்கிறார்கள் என்ற ஒரு வரி வாட்ஸ்அப்பில் போனால் என்ன நடக்கும்? 2019இல் மலைநாட்டில் பயிற்சி முகாம் இருந்ததாக வந்த செய்திகளை அந்தப் பக்கத்துக் கிராமங்கள் மறந்திருக்காது. கூடாரம் வேண்டாம், வீடுகளில் தங்குங்கள் என்றேன். பவர் பேங்க், அதோடு நாலு வயர். ஒன்றாகச் சுற்றி வைக்காமல் தனித்தனியாக வை என்றேன். இதைச் சொன்னபோது வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த வாசகர்களை நினைத்துக்கொண்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் டோர்ச் பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். பற்றரி ஒன்றைப் படையினர் எப்படி வாசிப்பார்கள் என்று கணக்குப் போட்டு வளர்ந்த தலைமுறை அது. துஆப் புத்தகம். அரபு எழுத்துள்ள புத்தகம் வைத்திருந்ததற்காகவே 2019இல் விசாரிக்கப்பட்டவர்கள் உண்டு. தொலைபேசியில் இருக்கிறதே, அச்சுப் புத்தகம் எதற்கு என்றான் மருதமுனைப் பிள்ளை. நடைமுறையில் அவன் சொன்னது சரிதான். ஆனால் ஓதுகிற புத்தகத்தை வீட்டில் விட்டுப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு கத்தி. "மாமா, கோழி வாங்கினா அறுக்கிறதுக்குக் கத்தி ஒண்டு வேணும்தானே?" என்று கேட்டான் மருமகன். 2016இல் மீமுரேயில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரப் பெண், நாங்கள் அறுத்த கோழியைத்தான் சாப்பிடுவோம் என்பதை விளங்கிக்கொண்டு, கோழியையும் தன் வீட்டுக் கத்தியையும் என் கையில் தந்துவிட்டுத் தேங்காய் துருவப் போனார். மூன்று வருடம் கழித்து, 2019 மே மாதத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தபோது எங்கள் ஊர்களில் சமையல் கத்தியையே என்ன செய்வது என்று தெரியாமல் தவித்த வீடுகள் இருந்தன.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மாக்கட்டி மாத்திரையாக வாசிக்கப்பட்டது. சுக்கான் தர்மச்சக்கரமாக வாசிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டு, பலத்த எதிர்ப்புக்குப் பிறகு ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். இந்த மூன்றிலும் பொருள் ஆபத்தானதல்ல. அதை வாசிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அப்படி வாசித்தவருக்குக் கையில் என்ன சட்டம் இருந்தது என்பதே விடயம். 1979இல் தற்காலிகம் என்று கொண்டு வந்த அந்தச் சட்டத்தை நீக்குவதாகச் சொல்லித்தான் தற்போதைய அரசாங்கம் வந்தது. அதற்குப் பதிலான வரைவு 2025 இறுதியில் வெளியாகி விவாதத்தில் இருக்கிறது. வரைவு எப்படி இருந்தாலும், பிள்ளைகள் புறப்படும் நாளில் பழைய சட்டம் பழையபடிதான் இருக்கும் என்று கணக்கிட்டே திட்டம் போட வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் முதுகுப்பை என்றாலே சந்தேகம் என்றும் சொல்லிவிட முடியாது. 2024இல் இந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினர். எல்லவிலும் ஹப்புத்தளையிலும் பெரிய பையோடு நடக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துப் பொலிஸார் புன்னகைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே அறுகம்பேயைப் பாருங்கள். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அங்கே தாக்குதல் அபாயம் இருப்பதாக எச்சரித்தது. இஸ்ரேலியப் பயணிகளின் பாதுகாப்புக்காகப் பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் குவிக்கப்பட்டனர். விருந்தாளியைப் பாதுகாக்க வேண்டியது அரசின் கடமை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதே மாவட்டத்துப் பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு சொந்த நாட்டு மலைக்குப் போகும்போது, பாதுகாக்கப்பட வேண்டியவனாக அவனை யாரும் எண்ணுவதில்லை. பாதுகாப்பு என்ற ஒரே சொல், வந்தவனுக்குக் குடையாகவும் இருப்பவனுக்குச் சோதனையாகவும் இருக்கிறது.

பிள்ளைகளின் பெற்றோர் ஒரு யோசனை சொன்னார்கள். கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றுக் கடிதம், பள்ளிவாசலிடம் ஒரு கடிதம், போகும் இடத்துப் பொலிஸில் முன்கூட்டியே ஒரு அறிவித்தல். பயத்தில் சொல்வது விளங்குகிறது. எனக்கு உடன்பாடில்லை. கொழும்பு லொட்ஜுகளில் தங்கிய தமிழர்கள் எத்தனை கடிதமும் பொலிஸ் பதிவும் வைத்திருந்தார்கள்! 2007 ஜூன் 7 அதிகாலை நூற்றுக்கணக்கானோரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பியபோது அந்தக் கடிதங்கள் எதற்கு உதவின? உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. கடிதம் கொண்டு போவது, கடிதம் இல்லாதவன் குற்றவாளி என்பதை நாமே ஒப்புக்கொள்வது போலாகிவிடும். அடையாள அட்டை, வனத் திணைக்களச் சீட்டு, தங்கும் வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம், ஒரு சட்டத்தரணியின் இலக்கம். இவை போதும். கடைசியில் சொன்னது ஏன் வேண்டும் என்று மருமகன் கேட்டான். அட்டைக் கடிக்கு உப்பு கொண்டு போகிறதில்லையா, அதுபோல என்றேன்.

நாலு பேரில் சிங்களம் சரளமாகப் பேசுபவன் மருதமுனைப் பிள்ளை மட்டும்தான். தகப்பன் கைத்தறிச் சாரன் வியாபாரி, கண்டிப் பக்கம் போய்வந்து பழகிய குடும்பம். மற்ற மூவருக்கும், அதில் பாண்டிருப்புப் பிள்ளையும் அடக்கம், பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும் அளவுதான் மொழி. என் பார்வையில் இதுதான் திட்டத்திலுள்ள உண்மையான ஓட்டை. மலைக் கிராமத்தில் யாராவது சந்தேகத்தோடு பார்த்தால் அதைத் தீர்ப்பது கடிதமல்ல, இரண்டு வசனம் பேச்சு. யார் நீங்கள், எங்கே போகிறீர்கள், ஏன் நடக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விக்கும் சிரித்த முகத்தோடு சிங்களத்தில் பதில் சொல்ல நாலு பேருக்கும் வர வேண்டும். இரவில் அரை மணித்தியாலம் மருதமுனைக்காரன் வாத்தியாராகியிருக்கிறான்.

கல்முனையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரு பிரதேச செயலகத்துக்காக வருடக்கணக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பேச்சு இந்த நால்வருக்கிடையிலும் வந்ததாம், சத்தமும் கொஞ்சம் ஏறியதாம். ஆனால் கத்தி விடயத்தில் முடிவு சொன்னது பாண்டிருப்புப் பிள்ளைதான். "உங்கட பேரோட கத்தி இருந்தாத்தானே பிரச்சின, என்ட பையில வைங்க மச்சான்." அவன் பிறந்த காலத்தில் இது தலைகீழாக இருந்தது. சோதனைச்சாவடியில் தமிழ்ப் பெயர்தான் பாரம். ஒரு சாமானை அந்தப் பக்கம் கொண்டு போய்ச் சேர்க்க முஸ்லிம் கூட்டாளியின் பையைத் தேடிய தமிழர்கள் எங்கள் ஊர்களில் இருந்தார்கள். இருபது வருடத்தில் பாரம் ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாறியிருக்கிறது.

அவன் சொன்னதை மற்ற மூவரும் சிரித்து ஏற்றுக்கொண்டார்கள். நான் ஏற்கவில்லை. பையைத் திறக்கச் சொன்னால் கத்தி யாருடையது என்று நாலு பேரிடமும்தான் கேட்பார்கள். மீமுரேயில் வீட்டுக்காரரிடம் வாங்கி அறுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். தராவிட்டால், முட்டையும் பருப்பும் கருவாடும் இருக்கின்றன. மார்ச் 27ஆம் திகதி இரவு அவர்கள் மறுபடி வருவார்கள். வானிலையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட்டு எந்த நாள் பஸ் என்று முடிவெடுப்போம்.